பாசம் தானாக வருவதா? கிரேக்கர்களின் ஸ்டோர்கே பற்றி ஒரு விவாத இழை

ஜூன் 2, காலை

இழையைத் தொடங்கிய வாசகரின் கருத்து, அப்படியே: "கிரேக்கர்கள் அன்பை நாலு வகையாகப் பிரித்தார்களாம். அதில் குடும்பப் பாசத்துக்கு ஸ்டோர்கே என்று பேர். காதலைப் பற்றியும் நட்பைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதிய ஆட்கள் இதை மட்டும் கண்டுகொள்ளவே இல்லை. தானாக வருகிற பாசத்தில் யோசிக்க என்ன இருக்கிறது? நாய், பூனைக்கும் உள்ளதுதானே. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்."

ஜூன் 2, இரவு

மறுப்பு இருக்கிறது.

நாலு வகைப் பட்டியலை முதலில் தள்ளி வைப்போம். ஏதென்ஸில் யாரும் அப்படி ஒரு பட்டியல் போட்டு மாட்டி வைத்திருக்கவில்லை. எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ் 1960ல் எழுதிய புத்தகத்தால் பரவிய கணக்கு அது. இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை.

கண்டுகொள்ளவில்லை என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. பிளேட்டோவின் 'குடியரசு' ஐந்தாம் பகுதியைத் திறந்து பாருங்கள். ஊரைக் காக்கும் காவலர் வகுப்பில் பிறக்கும் குழந்தைகளை உடனே எடுத்துப் பொதுக் காப்பகத்தில் வைக்க வேண்டுமாம். பால் கட்டிய தாய்மார்களை அங்கே அழைத்து வரலாம், ஆனால் எந்தத் தாயும் தன் பிள்ளை எது என்று கண்டுபிடித்துவிடாதபடி எல்லா ஏற்பாடும் செய்ய வேண்டுமாம். அற்ப விஷயம் என்று நினைப்பவர் இவ்வளவு மெனக்கெடுவாரா? 'என் பிள்ளை', 'உன் பிள்ளை' என்ற பேச்சு ஊரைப் பிளந்துவிடும் என்று அவர் பயந்தார். எல்லாரும் ஒரே விஷயத்தை 'என்னுடையது' என்று சொல்லும் ஊர்தான் அவருக்கு நல்ல ஊர்.

அவரிடம் படித்த அரிஸ்டாட்டில் 'அரசியல்' நூலின் இரண்டாம் பகுதியில் இதை நார் நாராகக் கிழிக்கிறார். ஒருவனுக்கு ஆயிரம் மகன்கள் என்றால் ஆயிரம் பேரையும் அவன் ஒரே மாதிரி கவனிக்காமல் விடுவான். கொஞ்சம் இனிப்பை நிறையத் தண்ணீரில் கரைத்தால் நாக்குக்குத் தெரியுமா, அந்தக் கதைதான். இப்படி ஊருக்கே மகனாக இருப்பதைவிட ஒருவருக்கு உண்மையான ஒன்றுவிட்ட சகோதரனாக இருப்பது மேல் என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த வரி இது. சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் நிறைந்த வீட்டில் வளர்ந்தவன் என்பதால் இருக்கலாம்.

ஜூன் 3

"அப்படியென்றால் அரிஸ்டாட்டில் குடும்பக் கட்சி, பிளேட்டோ எதிர்க்கட்சி, அவ்வளவுதானா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

அவ்வளவு சுலபமாக முடியாது. அரிஸ்டாட்டிலின் அறவியலில் பெற்றோர் அன்பு கொஞ்சம் சங்கடமான கணக்கு. பெற்றோர் பிள்ளையைத் தங்களிலிருந்து பிரிந்த ஒரு துண்டாகப் பார்த்து நேசிக்கிறார்கள். கவிஞன் தன் கவிதை மேல் வைக்கும் பிரியமும் இந்த ரகம்தான். தாய்க்குப் பாசம் கூடுதல், ஏனென்றால் பெறுவதில் அவளுக்கு உழைப்பு கூடுதல், தன் பிள்ளைதான் என்ற நிச்சயமும் கூடுதல். இதைப் படித்தால் சுயநலத்தின் நீட்சி மாதிரி தெரியும்.

ஆனால் அவரே இன்னோரிடத்தில் வேறொரு தாயைக் காட்டுகிறார். பிள்ளையை வளர்க்க வேறொருவரிடம் கொடுத்துவிட்டவள் அவள். பிள்ளைக்கு இவள் யாரென்றே தெரியாது. திரும்ப அன்பு கிடைக்க வழியே இல்லை. அது நன்றாக இருப்பதைப் பார்த்தால் போதும் என்று இருக்கிறாள். அன்பு என்றால் பெறுவதைவிடக் கொடுப்பதே முக்கியம் என்பதற்கு அவர் தேடி எடுத்த சாட்சி இவள்தான். தன் துண்டு, தன் உழைப்பு என்று போட்ட கணக்கு இவளுக்கு எப்படிப் பொருந்தும்? கொஞ்சம் இழுத்தால் பொருத்திவிடலாம். எனக்கு இழுக்க மனம் வரவில்லை.

அரிஸ்டாட்டிலின் உயிலும் கிடைத்திருக்கிறது, தத்துவவாதிகளின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்த டயோஜெனஸ் லயேர்ட்டியஸ் எடுத்து எழுதியிருக்கிறார். அறவியலைவிட அது நேரடி. மகளை யாருக்குக் கட்டிக் கொடுப்பது, உடன் வாழ்ந்த ஹெர்பில்லிஸுக்கு எந்த வீடு, அம்மாவின் சிலையை நெமியா என்ற ஊரில் டிமீட்டர் தெய்வத்துக்குக் காணிக்கையாக வைப்பது, முன்பே இறந்த மனைவி பிதியாஸின் எலும்புகளை அவள் விருப்பப்படியே தன்னோடு சேர்த்துப் புதைக்கச் சொல்லி ஓர் ஏற்பாடு. தத்துவம் ஒரு வரி இல்லை. சொத்துப் பத்திரம் எழுதும் ஆளின் குரல்.

ஜூன் 5

சரி, இந்த இழைக்கு நான் வந்ததே இதைச் சொல்லத்தான்.

எபிக்டெட்டஸ் என்ற தத்துவவாதி. அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர், கால் ஊனம், கிரேக்கத்தில் நிகோபோலிஸ் என்ற ஊரில் பள்ளி நடத்தியவர். அவர் பேசியதை மாணவர் ஆரியன் எழுதி வைத்தார். முதல் தொகுதியின் 11ஆம் உரை முழுக்கக் குடும்பப் பாசம்தான். "கண்டுகொள்ளவே இல்லை" என்றவர் இதை மட்டுமாவது படித்திருக்கலாம்.

ஓர் அதிகாரி அவரைப் பார்க்க வருகிறார். மனைவி, பிள்ளைகள் உண்டா என்று எபிக்டெட்டஸ் கேட்கிறார். உண்டு, ஆனால் படாத பாடு படுகிறேன் என்கிறார் அவர். என்னவென்றால், சமீபத்தில் சின்ன மகளுக்கு உடம்பு முடியாமல் போயிருக்கிறது, பிழைப்பாளோ மாட்டாளோ என்ற நிலை. பக்கத்தில் இருந்து பார்க்க முடியாமல் மனிதர் வீட்டை விட்டே ஓடிப்போயிருக்கிறார். குணமாகிவிட்டது என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் திரும்பினாராம்.

செய்தது சரியா? "இயல்புதானே, அப்பாக்கள் எல்லாருமே அப்படித்தான்."

அதற்கு மேல் எபிக்டெட்டஸ் விடவில்லை. உடம்பில் கட்டிகூட இயல்பாகத்தான் வருகிறது, அதனால் கட்டி நல்லதா? சரி, குழந்தையின் தாய்க்கு அவள்மேல் பாசம் உண்டா? உண்டு. அப்போது அவளும் ஓடியிருக்க வேண்டுமா? கூடாது. செவிலிக்கு? பள்ளிக்குக் கூட்டிப் போகும் பணியாளுக்கு? அவர்களுக்கும் பாசம் உண்டு. அப்போது அவர்களும் போய்விட்டால், இத்தனை பேர் நேசிக்கும் அந்தக் குழந்தை நேசமே இல்லாதவர்கள் கையில் தனியாகச் செத்திருக்க வேண்டுமா? உனக்கு உடம்பு முடியாமல் போனால் உன் ஆட்கள் இப்படித்தான் நேசிக்க வேண்டும் என்று கேட்பாயா? அதற்கு உன் எதிரிகள் உன்மேல் பாசம் வைக்கட்டும் என்று வேண்டிக்கொள், அவர்களாவது விலகிப் போவார்கள்!

எங்கள் அப்பத்தா கடைசிக் காலத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பெரியப்பா வரவில்லை. போனில் அழுவார். "என்னால அவளை அப்படிப் பார்க்க முடியாதுடா" என்பார். பொய் இல்லை, உண்மையாகவே அழுதார். அப்பத்தாவைத் திருப்பிப் படுக்க வைத்து, முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டு, துணி மாற்றியது என் அம்மா. மாமியாரும் மருமகளும் ஆயுசு முழுக்கச் சண்டை போட்டவர்கள். ஒரு கல்யாண வீட்டில் வெற்றிலைத் தட்டு விஷயத்தில் தொடங்கியது, அதை இங்கே எழுதினால் இழை முடியாது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டது இப்போதும் காதில் கிடக்கிறது. "மூத்தவனுக்குத்தான் ஆத்தா மேல உசுரு. தாங்க மாட்டான்னு வரலை." தாங்கிக்கொண்டு செய்தவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மருமகள், செய்ய வேண்டியதைச் செய்தாள், அதில் பேச என்ன இருக்கிறது?

தாங்க முடியாமைதான் பாசத்தின் அளவுகோல் என்றால் வந்து நின்றவர்கள் எல்லாரும் பாசம் குறைந்தவர்கள் ஆகிவிடுவார்கள். எபிக்டெட்டஸ் கை வைப்பது சரியாக இந்த இடத்தில். உன்னை ஓட வைத்தது பாசம் இல்லையப்பா, ஓடுவதுதான் சரி என்று உனக்குள் நீ போட்ட முடிவு என்கிறார். பக்கத்தில் நின்ற தாயை நிற்க வைத்ததும் அவள் போட்ட முடிவுதான்.

ஜூன் 6

"அறிவுரை சொல்லச் சுலபம். எபிக்டெட்டஸுக்குப் பிள்ளை குட்டி கிடையாது" என்று நேற்றைய குறிப்புக்குக் கீழே ஒருவர். இன்னொருவர் "சிலருக்கு ஆஸ்பத்திரி வாடையே மயக்கம் வரும், அதைப் போய்க் குற்றம் என்கிறீர்களா?" என்கிறார்.

இரண்டாமவருக்கு: மயக்கம் வருவது வேறு. என் மச்சான் ஒருவருக்கும் அப்படி வரும். அவர் வராண்டாவில் உட்கார்ந்து டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஓடவில்லை.

முதலாமவருக்குப் பிறகு பதில் சொல்கிறேன். எபிக்டெட்டஸ் விஷயத்தில் ஒரு நல்ல திருப்பம் பாக்கி இருக்கிறது.

ஜூன் 7

சாக்ரடீஸ் வீட்டுக் கதையைக் கேட்டிருந்தீர்கள். சாக்ரடீஸின் மாணவர் செனோஃபோன் எழுதியது. மூத்த மகன் லாம்ப்ரோக்ளஸ் அம்மா சாந்திப்பே மேல் கொதித்துப்போய் இருக்கிறான். அவள் கோபத்தை யாராலும் தாங்க முடியாது என்கிறான். காட்டு மிருகத்தின் மூர்க்கம் கடினமா, தாயினுடையதா என்று சாக்ரடீஸ் கேட்க, "தாயினுடையதுதான், அதுவும் இவளை மாதிரி தாய் என்றால்" என்று பையன் பட்டென்று சொல்கிறான். சரி, கடித்தாளா, உதைத்தாளா? இல்லை, ஆனால் காது கொடுத்துக் கேட்க முடியாத பேச்சு. நீ சின்ன வயதிலிருந்து ராத்திரி பகலாக அவளைப் படுத்திய பாடு எவ்வளவு என்று அப்பா திருப்புகிறார்.

இதில் 'அம்மா தெய்வம்' என்ற பேச்சே இல்லை. வயிற்றில் சுமந்தது, தன் உணவில் பங்கு கொடுத்தது, பேசத் தெரியாத குழந்தைக்கு என்ன வேண்டும் என்று ஊகித்து ஊகித்துச் செய்தது என்று வரவு செலவுதான் ஓடுகிறது. கடைசியில் சட்டத்தையே காட்டி மிரட்டுகிறார். மற்ற நன்றிகெட்டதனத்தை ஏதென்ஸ் கண்டுகொள்ளாது, பெற்றோரைக் கவனிக்காதவனைத் தண்டிக்கும், ஆர்க்கோன் என்ற உயர் அதிகாரி பதவியும் கிடையாது.

இது நிஜச் சட்டம். ஆர்க்கோன் பதவிக்கு வருபவரிடம் உன் குடும்பக் கல்லறைகள் எங்கே, பெற்றோரை நன்றாக வைத்திருக்கிறாயா, வரி கட்டினாயா, படையில் சேர்ந்தாயா என்று வரிசையாகக் கேட்பார்கள். ஏதென்ஸுக்குச் சட்டம் எழுதிய சோலோன் பெற்றோரைக் காக்கும் கடமையில் ஒரு விலக்கும் வைத்தார். மகனுக்கு ஒரு தொழிலும் கற்றுக்கொடுக்காத அப்பா வயதான காலத்தில் அவனிடம் சோறு கேட்க முடியாது. பாசத்தை நம்பி மட்டும் கிழவர்களை விட முடியாது என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு இந்தச் சோலோன் விலக்கு ரொம்பப் பிடிக்கும். அப்பாவிடம் சொன்னேன், சிரிக்கவில்லை.

ஜூன் 8

நாய், பூனை என்று தொடங்கியவருக்காக: ஹோமரின் காவிய நாயகன் ஒடிசியூஸ் இருபது வருஷம் கழித்துப் பிச்சைக்கார வேஷத்தில் வீடு திரும்பியபோது வாசலில் வைத்து அவரைக் கண்டுகொண்டது ஆர்கோஸ் என்ற நாய். குப்பைமேட்டில், உடம்பெல்லாம் உண்ணியோடு கிடந்தது. எழ முடியவில்லை, வாலை ஆட்டிக் காதைத் தாழ்த்தியது. பக்கத்தில் வந்த ஆளுக்குத் தெரியாமல் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாய் செத்துப்போனது. ஆக, நாய்க்கும் உண்டுதான்.

ஜூன் 10

எதிர்பார்த்த குண்டு வந்துவிட்டது: "குழந்தையைத் தூக்கிப் போட்ட ஆட்கள்தானே கிரேக்கர்கள், இவர்களுக்கு என்ன பாசம்?"

போட்டார்கள், வேண்டாத பச்சைக் குழந்தையை வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். மறைக்க ஒன்றும் இல்லை. இதற்கு ஒரு கடிதம் இருக்கிறது. எகிப்தில் ஆக்ஸிரிங்கஸ் என்ற ஊரின் குப்பைமேடுகளில் தோண்டி எடுத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) ஏடுகளில் ஒன்று. கிரேக்க மொழியில், கி.மு. 1ஆம் ஆண்டு எழுதியது. ஹிலாரியன் என்ற கூலிக்காரர் வேலைக்காக அலெக்சாண்ட்ரியா போயிருக்கிறார். மனைவி ஆலிஸுக்கு எழுதுகிறார். மற்றவர்கள் திரும்பி வந்து நான் மட்டும் இங்கே தங்கினால் கவலைப்படாதே, குட்டிப் பிள்ளையைப் பார்த்துக்கொள், கெஞ்சிக் கேட்கிறேன், சம்பளம் வந்ததும் அனுப்புகிறேன். அடுத்த வரி: பிரசவம் ஆனால், ஆண் என்றால் இருக்கட்டும், பெண் என்றால் போட்டுவிடு. அதற்கும் அடுத்தது: என்னை மறந்துவிடாதே என்று சொல்லி அனுப்பினாயாமே, உன்னை நான் எப்படி மறப்பேன்?

மூன்றையும் ஒரே ஆள், ஒரே தாளில், ஒரே மூச்சில் எழுதியிருக்கிறார். முதலும் மூன்றும் நடிப்பு என்று சொன்னால் நடுவில் உள்ளது புரிந்துவிடும், நமக்கும் வசதி. நடிப்பு மாதிரி தெரியவில்லை. அந்தக் குட்டிப் பிள்ளை மேல் பாசம் உள்ள அப்பாதான் இன்னும் பிறக்காததைப் போடச் சொல்கிறார். நம் ஊர் மேல் என்று நெஞ்சை நிமிர்த்துபவர்கள் 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டம் எதற்காகத் தொடங்கினார்கள் என்று நினைத்துப் பார்த்துவிட்டு வரவும்.

இதே தட்டில் இன்னொன்றையும் வைக்க வேண்டும். ஏதென்ஸில் கெராமெய்கோஸ் இடுகாட்டில் கிடைத்த ஒரு கல்லறைக் கல், கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி, இப்போது அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அம்பரெட்டே என்ற பெண் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் குழந்தை வைத்திருக்கிறாள், இன்னொரு கையில் ஒரு குருவி. பார்த்தால் தாயும் பிள்ளையும் என்றுதான் நினைப்போம். மேலே உள்ள பாட்டு வேறு சொல்கிறது: இது என் மகளின் பிள்ளை, நாங்கள் இருவரும் உயிரோடு சூரியனைப் பார்த்தபோது மடியில் வைத்திருந்தேன், இப்போது இறந்த நான் இறந்த இதை வைத்திருக்கிறேன். கணவர், மகன் என்று எத்தனையோ உறவைச் சொல்லிக் கல் வைத்திருக்கலாம். குடும்பம் தேர்ந்தெடுத்தது பாட்டியையும் பேரப்பிள்ளையையும்.

ஜூன் 11

குருவி அந்தக் குழந்தைக்கு விளையாட்டுக் காட்டத்தான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் அப்படித்தான் பார்க்கிறேன். சாமி சமாச்சாரமாக்க வேண்டாம்.

ஜூன் 12

உடன்பிறப்புப் பாசம் எங்கே என்றவர்களுக்கு.

பெயரில் நிறைய இருக்கிறது. எகிப்தை ஆண்ட கிரேக்க அரசர்கள் பட்டப்பெயரிலேயே குடும்பப் பாசத்தை மாட்டிக்கொண்டவர்கள். நான்காம் தாலமியின் பட்டம் 'ஃபிலோபேட்டர்', தந்தைமேல் அன்பு கொண்டவர். அரியணை ஏறியதும் அம்மாவும் தம்பியும் கொல்லப்பட்டார்கள். பட்டத்தில் அவர்கள் பேர் இல்லையே என்று சமாதானம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

பட்டத்துக்குத் தகுந்த ஆளும் ஒருவர் உண்டு. இன்றைய துருக்கியில் இருந்த பெர்கமம் நாட்டின் அரசர் இரண்டாம் யூமெனஸை கி.மு. 172ல் டெல்ஃபி போகும் வழியில் பாறையை உருட்டிக் கொல்லப் பார்த்தார்கள். செத்துவிட்டார் என்றே ஊருக்குச் செய்தி வந்தது. தம்பி அட்டாலஸ் முடியை எடுத்துக்கொண்டார், அண்ணியையும் மணந்துகொண்டார். அண்ணன் உயிரோடு திரும்பினார்! அட்டாலஸ் முடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பழையபடி காவலர் ஈட்டியோடு எதிர்கொண்டு போனார். அண்ணன் கோபிக்கவில்லை. நான் செத்ததைக் கண்ணால் பார்க்கும் வரை கல்யாணத்துக்கு அவசரப்படாதே என்று மட்டும் காதில் சொன்னதாகப் புளூட்டார்க் என்ற பழைய கிரேக்க எழுத்தாளர் எழுதுகிறார். அட்டாலஸுக்கு 'ஃபிலடெல்ஃபஸ்', உடன்பிறப்புமேல் அன்பு கொண்டவர், என்று பட்டம். துருக்கியில் இன்று அலாஷெஹிர் எனப்படும் ஊருக்கு ஃபிலடெல்ஃபியா என்று பேர் வந்தது அவரால்தான். அந்த அண்ணி என்ன நினைத்தார் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை.

ஆண்டிகனி பற்றி இரண்டு பேர் கேட்டீர்கள். அரசனின் தடையை மீறி இறந்த அண்ணனைப் புதைக்கும் பெண், சோஃபோக்ளஸின் நாடகத்தில் வருபவள். கணவன் போனால் இன்னொரு கணவன், பிள்ளை போனால் இன்னொரு பிள்ளை, பெற்றோர் இறந்த பிறகு அண்ணன் தம்பி எங்கிருந்து வருவான் என்று அவள் சொல்லும் இடம். ஜெர்மன் கவிஞர் கெதேக்கு அது பிடிக்கவே இல்லை, பின்னால் யாரோ சேர்த்த வரிகள் என்று ஒரு பண்டிதர் நிரூபித்தால் நன்றாக இருக்கும் என்றார். ஆனால் அரிஸ்டாட்டிலே தன் நூலில் அதை எடுத்துக் காட்டுகிறார், அதனால் பழையதுதான். ஹெரோடோட்டஸ் எழுதிய வரலாற்றில் பாரசீகப் பெண் ஒருத்தியும் இதே வாதத்தை அரசர் டேரியஸிடம் வைக்கிறாள். அவளுடைய அண்ணன் உயிரோடு இருந்தான், அவனைக் காப்பாற்ற முடிந்தது. ஆண்டிகனியின் அண்ணன் செத்துவிட்டான். காப்பாற்ற முடியாதவனுக்கு அந்த வாதம் எதற்கு? அதனால்தான் எனக்கு அந்த வரிகள் நிஜமாகப் படுகின்றன. சாவு வீட்டில் காரணம் சொல்பவர்கள் எல்லாம் கோர்ட்டில் நிற்பது மாதிரி கோவையாகவா பேசுகிறார்கள்?

ஜூன் 15

பாக்கி வைத்த பதில். எபிக்டெட்டஸுக்குப் பிள்ளை குட்டி கிடையாது, உண்மை. கல்யாணம் செய்துகொள் என்று அவர் டெமோனாக்ஸ் என்ற தத்துவவாதிக்கு அறிவுரை சொல்ல, "சரி, உங்கள் மகள்களில் ஒருத்தியைக் கொடுங்கள்" என்று அவர் சிரித்ததாக ஒரு கதை லூசியன் எழுதியதில் உண்டு. ஆனால் வயதான காலத்தில் ஏழை நண்பர் ஒருவர் தன் குழந்தையைப் போட்டுவிடப் போகிறார் என்று தெரிந்து, அதைத் தானே எடுத்துக்கொண்டு, வளர்க்க ஒரு பெண்ணையும் வீட்டுக்கு அழைத்து வந்தார். பின்னால் அவருக்கு உரை எழுதிய சிம்ப்ளிசியஸ் பதிவு செய்திருக்கிறார். ஹிலாரியன் எழுதியதற்கு நேர் எதிர்ப்பக்கம்.

எபிக்டெட்டஸைப் படித்து வளர்ந்த ரோமப் பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸ், புளூட்டார்க்கின் உறவினரான செக்ஸ்டஸிடம் கற்றதைச் சொல்லும்போது, உணர்ச்சியில் அடித்துச் செல்லப்படாமலும் மிகுந்த பாசத்தோடும் இருப்பது என்று சேர்த்தே எழுதுகிறார். அவருடைய ஆசிரியர் ஃப்ரோன்டோவுக்கு ரோமாபுரி மேல்தட்டில் பாசமுள்ள ஆளையே காணோம் என்று புலம்பல்.

உணர்ச்சியை அடக்குவதும் பாசமும் சேர்ந்து போகுமா என்று கேட்பவர்கள் புளூட்டார்க் மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் பார்க்கலாம். நாலு ஆண் பிள்ளைகளுக்குப் பிறகு பிறந்த மகள் டிமோக்செனா இரண்டு வயதில் இறந்துவிட்டாள். அவர் ஊரில் இல்லை, டனாக்ரா என்ற ஊரில்தான் செய்தி தெரிந்தது. அழுகையை அளவோடு வைத்துக்கொள் என்று எழுதுகிறார், அது படிக்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அப்புறம் குழந்தையைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்த முடியவில்லை. மற்றக் குழந்தைகளுக்கு மட்டுமா, பொம்மைகளுக்கும் பால் கொடு என்று செவிலியிடம் சொல்வாளாம். மார்புக் காம்பில் அறுவை செய்துகொண்டும் ஒரு குழந்தைக்குத் தானே பால் கொடுத்த மனைவியின் செயலை அங்கே நினைவுபடுத்துகிறார். பாசம் என்ற சொல்லை அவர் அதற்குத்தான் போடுகிறார், அழுகைக்கு அல்ல.

என் அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். "அந்தம்மாவுக்கு ரொம்ப வலிச்சிருக்கும்" என்றார். பெரியப்பா பற்றி நான் எழுதியது அவருக்குப் பிடிக்கவில்லை. "அவர் சுபாவம் அப்படி, விடு" என்றார்.

ஜூன் 16

கடைசியாக ஒன்று, சிரிக்க. அதே ஆக்ஸிரிங்கஸ் குப்பைமேட்டில் கிடைத்த, கி.பி. 2 அல்லது 3ஆம் நூற்றாண்டுக் கடிதம். தியோன் என்ற பையன், அதே பெயருள்ள தன் அப்பாவுக்கு எழுதியது, பிழை மலிந்த கிரேக்கத்தில். என்னை விட்டுவிட்டு நகரத்துக்குப் போனது ரொம்ப நல்ல காரியம். அலெக்சாண்ட்ரியாவுக்குக் கூட்டிப் போகாவிட்டால் கடிதம் எழுத மாட்டேன், பேச மாட்டேன், வணக்கம் சொல்ல மாட்டேன். இவன் என்னைப் பைத்தியமாக்குகிறான், கொண்டு போங்கள் என்று அம்மாவும் சொல்லிவிட்டாள். ஒரு யாழ் அனுப்பு. அனுப்பாவிட்டால் சாப்பிட மாட்டேன், தண்ணீர் குடிக்க மாட்டேன், ஆமாம்!

என் தங்கை மகன் போன மாதம் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் கிட்டத்தட்ட இதுதான். யாழுக்குப் பதில் சைக்கிள்.